பிளஸ் டூ முடிச்சாச்சு, காலேஜ் பீஸுக்கு என்ன வழி? ஸ்காலர்ஷிப், கல்விக் கடன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிசல்ட் வந்த வாரத்துல இருந்து எங்க தெருவுல யாராச்சும் ஒருத்தர் மார்க் ஷீட்டோட வந்து நிப்பாங்க, கேக்குற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன். தமிழ்நாட்டுல படிச்சு முடிச்சு இந்தியாவுக்குள்ளயே காலேஜ் சேரப்போற பிள்ளைங்களுக்கானது இது. வெளிநாட்டுப் படிப்பு வேற கணக்கு, அத தொடல.

அக்கா, முதல்ல பேங்க்குக்கு போகணுமா, ஸ்காலர்ஷிப்புக்கு அலையணுமா?

திருப்பிக் கட்ட வேண்டாத காசு என்னென்ன வரும்னு மொதல்ல உக்காந்து எழுதுங்க, அது போக மிச்சம் எவ்வளவோ அதுக்கு மட்டும் லோன் கேளுங்க. நெறைய வீட்ல தலைகீழா நடக்குது, காலேஜ்காரங்க சொன்ன மொத்த தொகைக்கும் லோன் போட்டுட்டு, ரெண்டாவது வருஷம் பக்கத்து வீட்டு பையன் சொல்லி தான் நமக்கும் ஒரு ஸ்காலர்ஷிப் இருந்துச்சுன்னே தெரியுது. சிலதுக்கு கவுன்சிலிங் அப்ளிகேஷன்லயே டிக் பண்ணி சர்டிபிகேட் அப்லோட் பண்ணணும், அந்த நேரத்துல விட்டுட்டா அப்புறம் கெஞ்சினாலும் கஷ்டம்.

என்னென்ன சர்டிபிகேட் ரெடியா வச்சிருக்கணும்?

சாதி சான்று, வருமான சான்று, இருப்பிட சான்று, முதல் பட்டதாரி சான்று. எல்லாமே இ-சேவை மையத்துல போடலாம், ஒரு சான்றுக்கு 60 ரூபா. கேன் நம்பர், அதாவது இ-சேவைல உங்களுக்குன்னு இருக்குற அடையாள எண், இல்லன்னா அங்கயே எடுத்து தருவாங்க. பிளஸ் டூ பரீட்சை முடிஞ்ச கையோட போட்டுடுங்க, ரிசல்ட் வந்தப்புறம் போட்டா ஊரே அந்த நேரத்துல போடும், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு மேசையா தேங்கி நிக்கும்.

இதுல பெரிய தலைவலி பேர் தான். மார்க் ஷீட்ல இனிஷியல் பின்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேர் முழுசா சேர்ந்திருக்கும், பேங்க் பாஸ்புக்ல இனிஷியலே இருக்காது. மனுஷங்க பாத்தா ஒரே ஆள்னு புரியும், கம்ப்யூட்டருக்கு மூணு பேரு. ஸ்காலர்ஷிப் பாதி ரிஜெக்ட் ஆகுறதே இதனால தான்னு சொல்லலாம். மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே ஆதாரையும் பேங்க் அக்கவுண்டையும் மாத்திடுங்க, லீவுல செய்ய வேண்டிய முதல் வேலை இது.

முதல் பட்டதாரி சலுகை யாருக்கு? எவ்வளவு குறையும்?

வீட்ல இதுவரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலன்னா, அதாவது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப் பொறந்தவங்க யாருமே பட்டதாரி இல்லன்னா கிடைக்கும். 2010-ல இருந்து இருக்கு. சாதி பாக்க மாட்டாங்க, வருமானமும் பாக்க மாட்டாங்க. ஆனா அரசு நடத்துற ஒற்றைச் சாளர கவுன்சிலிங் வழியா சீட் வாங்கணும், நேரா காலேஜ்ல போய் மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேந்தா கிடையாது. பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்ல வருஷத்துக்கு 25,000 ரூபா டியூஷன் பீஸ்ல கழியும், நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம், சும்மா இல்ல.

அண்ணன் ஏற்கனவே இந்த சலுகைல படிச்சிட்டு இருந்தா தம்பிக்கு கிடைக்காது, ஒரு குடும்பத்துல ஒருத்தருக்கு தான். அதனால ரெட்டைப் பிள்ளைங்க, அடுத்தடுத்த வருஷத்துப் பிள்ளைங்க இருக்குற வீட்ல யாருக்கு இத எடுக்குறது நல்லதுன்னு முன்னாடியே பேசிக்கோங்க. பீஸ் அதிகமா உள்ள படிப்புக்கு போற பிள்ளைக்கு எடுக்குறது தான் சரின்னு நான் சொல்லுவேன்.

கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளை, அதுக்கு ஏதாச்சும் தனியா இருக்கா?

இருக்கு, அதுவும் இருக்குறதுலயே பெரிசு அது தான். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லயும் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் மாதிரி தொழிற்படிப்புகளுக்கு 2021-லயும் வந்துச்சு. இந்த ஒதுக்கீட்டுல சீட் கிடைச்சா டியூஷன் பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டும். இந்த பிள்ளைங்களுக்கு லோனே தேவைப்படாது, ஆனாலும் விவரம் தெரியாம பேங்க்ல வந்து நிக்குறவங்க இருக்காங்க. காலேஜ்ல "இப்ப கட்டுங்க, அப்புறம் திருப்பித் தரோம்"னு சொன்னா எதுக்குன்னு கேளுங்க, 7.5 சீட்டுன்னு அலாட்மென்ட் ஆர்டர்லயே இருக்கும், அத காமிங்க.

ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் படிக்கப் போறவங்களுக்கு இந்த 7.5 பொருந்தாது.

அந்த ஆயிரம் ரூபா திட்டம்?

பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல. ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும், அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. படிப்பு முடியுற வரைக்கும் மாசம் 1,000 நேரா பிள்ளை அக்கவுண்ட்டுக்கு வரும். வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனியா வரும், ரெண்டுக்கும் சண்டை இல்ல. காலேஜ்ல யூமிஸ் நம்பர் (காலேஜ் பிள்ளைங்களுக்கு அரசு தர்ற அடையாள எண்) போட்டு அவங்க தான் பதிவு பண்ணுவாங்க, சேந்த முதல் மாசமே ஆபீஸ்ல இதுக்குன்னு இருக்குற நோடல் ஆபீசர் யாருன்னு கேட்டு வச்சுக்கோங்க.

எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி ஸ்காலர்ஷிப் பத்தி சொல்லுங்க.

போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்னு பேரு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். எஸ்சி, எஸ்டி பிள்ளைங்களுக்கு பிரைவேட் காலேஜ்ல சேந்தாலும் அரசு நிர்ணயிச்ச கட்டணம் வரைக்கும் கிடைக்குது, அதனால இந்த பிள்ளைங்க முதல் பட்டதாரி சலுகைக்கும் இதுக்கும் ரெண்டுக்கும் போட முடியாது, பொதுவா போஸ்ட் மெட்ரிக் தான் அதிக பிரயோஜனம். கிறிஸ்தவ மதம் மாறின ஆதிதிராவிடர் பிள்ளைங்களுக்கும் மாநில அரசு தருது.

ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, எஸ்சி ஸ்காலர்ஷிப்ல மத்திய அரசு பங்கு 60 சதவீதம், அது பிள்ளையோட அக்கவுண்ட்டுக்கே நேரா வந்து விழும், காலேஜுக்கு போகாது. காசு வந்ததும் காலேஜ்ல கட்டிடணும். வீட்டு செலவுக்கு எடுத்துட்டா செமஸ்டர் ஹால் டிக்கெட் நேரத்துல அந்தப் பிள்ளை தான் ஆபீஸ் வாசல்ல நிக்கும். வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும், ஆனாலும் இத கண்டிப்பா சொல்லியே ஆகணும்.

நல்ல மார்க் எடுத்திருக்கா, மத்திய அரசு ஸ்காலர்ஷிப் ஏதாவது?

நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்டல்ல ரெண்ட மட்டும் சொல்றேன். ஒண்ணு, பிளஸ் டூ-ல அவங்க போர்டுல முதல் 20 சதவீதத்துக்குள்ள வந்த, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள உள்ள பிள்ளைங்களுக்கு, டிகிரிக்கு வருஷம் 12,000, பிஜிக்கு 20,000. ஆர்ட்ஸ் சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு இது தான் நல்ல வழி. இன்னொண்ணு டெக்னிக்கல் படிப்புகளுக்கான மத்திய அமைப்பு ஏஐசிடிஇ கொடுக்குற பிரகதி, டெக்னிக்கல் படிப்பு சேர்ற பொண்ணுங்களுக்கு வருஷம் 50,000, வருமானம் எட்டு லட்சம் வரைக்கும் போலாம், ஒரு வீட்ல ரெண்டு பொண்ணு வரைக்கும் வாங்கலாம். இன்ஜினியரிங் சேர்ற எந்தப் பொண்ணு வந்தாலும் நான் முதல்ல கேக்குறதே பிரகதி போட்டியான்னு தான். மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்கு இதே மாதிரி சக்ஷம் இருக்கு.

வருஷா வருஷம் ரினியூவல் போடணும், தானா வராது. ரெண்டாவது வருஷம் மறந்து விட்டவங்க ஏராளம்.

"அப்ரூவ்டு"னு காமிக்குது, காசு மட்டும் வரல. ஏன்?

பத்துக்கு ஏழு தடவை ஆதார் சீடிங் பிரச்சனை தான், அதாவது அரசு காசு வர்றதுக்கு ஆதார எந்த அக்கவுண்ட்ல இணைச்சிருக்கோம்ங்கிறது. நீங்க அப்ளிகேஷன்ல எந்த அக்கவுண்ட் நம்பர் எழுதினீங்கன்னு பாக்காம, கடைசியா எந்த பேங்க்ல ஆதார இணைச்சீங்களோ அந்த அக்கவுண்ட்டுக்கு தான் அரசு காசு போகும். பிள்ளை புது சிம் வாங்க கடைக்கு போயிருக்கும், அங்க ரேகை வைக்கச் சொல்லி பேமென்ட்ஸ் பேங்க் அக்கவுண்ட் ஒண்ண சேத்தே திறந்திருப்பாங்க, வீட்ல யாருக்கும் அது நினைப்பே இருக்காது, ஸ்காலர்ஷிப் அங்க போய் உக்காந்திருக்கும். ஆதார் வெப்சைட்ல பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு ஒரு இடம் இருக்கு, ஆதார் நம்பர் போட்டு ஓடிபி அடிச்சா எந்த பேங்க்னு காமிக்கும். வேற பேங்க் வந்தா உங்க பேங்க்ல போய் ஆதார் சீடிங் பார்ம் எழுதிக் கொடுங்க. "ஆதார் லிங்க் பண்ணியாச்சு"ன்னு கவுண்டர்ல சொன்னா பத்தாது, காசு வாங்குறதுக்கான என்பிசிஐ மேப்பிங் ஆச்சான்னு கேளுங்க, ரெண்டும் வேற வேற.

சரி, லோனுக்கு வருவோம். அடமானம் இல்லாம எவ்வளவு கிடைக்கும்?

பேங்க்குகள் சங்கம் போட்ட மாடல் கல்விக்கடன் திட்டம் தான் எல்லா பப்ளிக் செக்டர் பேங்க்லயும் அடிப்படை. நாலு லட்சம் வரைக்கும் அடமானம் கிடையாது, நம்ம கைக்காசா மார்ஜினும் போட வேண்டாம், அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்துப் போட்டா போதும். இது ரிசர்வ் பேங்க்கே சொன்ன விதி. நாலுக்கு மேல ஏழரை லட்சம் வரைக்கும் அரசாங்கத்தோட கியாரண்டி பண்ட் இருக்கு, அதுல போட்டா அடமானமும் மூணாவது ஆள் ஜாமீனும் கேக்க மாட்டாங்க, மார்ஜின் மட்டும் 5 சதவீதம், அதையும் ஒரே அடியா கட்ட வேண்டாம், வருஷா வருஷம் காசு விடும்போது போட்டா போதும், ஸ்காலர்ஷிப் வந்தா அதையும் மார்ஜின்ல சேத்துக்கலாம். ஏழரை லட்சத்துக்கு மேல தான் வீடு, நிலம், டெபாசிட்னு கேப்பாங்க.

டியூஷன் பீஸ் மட்டும்னு நெனைக்காதீங்க. ஹாஸ்டல், மெஸ், எக்ஸாம் பீஸ், லேப், புக்ஸ், படிப்புக்குத் தேவைன்னா லேப்டாப் எல்லாம் சேரும். காலேஜ்ல போனபைடும் (இங்க தான் படிக்கிறாங்கன்னு தர்ற சான்று) எல்லா வருஷத்துக்கும் சேத்து பீஸ் ஸ்ட்ரக்சரும் லெட்டர்ஹெட்ல வாங்கிட்டு போங்க. முதல் வருஷத்துக்கு மட்டும் வாங்கிட்டுப் போய் திரும்ப அலையறது தான் வழக்கமா நடக்குது.

மேனேஜர் "உங்க ஏரியா எங்களுக்கு வராது"ன்னு சொல்றாரு. பிக்சட் டெபாசிட் போட்டா பாக்கலாம்னு வேற சொல்றாரு.

இதுக்கு கொஞ்சம் நிதானமா பதில் சொல்றேன், ஏன்னா பிள்ளைங்க படிப்ப விடுறது இந்த இடத்துல தான்.

கல்விக்கடனுக்கு சர்வீஸ் ஏரியான்னு ஒண்ணு கிடையவே கிடையாது, வீடு எங்க ஏரியாவுல இல்லன்னு சொல்லி அப்ளிகேஷன தள்ளக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2012-லயே சொல்லியாச்சு. ஆனா நடைமுறைல வீட்டுக்கு பக்கத்துல, அப்பா அம்மாவுக்கு ஏற்கனவே அக்கவுண்ட் இருக்குற பிராஞ்ச் தான் சுலபம்ங்கிறதும் உண்மை, அங்கயே முதல்ல போங்க.

வாயால "முடியாது"ன்னு சொன்னத கேட்டுட்டு திரும்பி வராதீங்க. வாயால சொன்னதுக்கு கணக்கு கிடையாது. ஆன்லைன்ல அப்ளை பண்ணி நம்பர் வாங்கிடுங்க, அப்ப தான் அது ஒரு அப்ளிகேஷன், அப்ப தான் அவங்க பதில் சொல்லியே ஆகணும். 15 நாள்ல இருந்து ஒரு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், வேண்டாம்னு தள்ளணும்னா அந்த மேனேஜர் மட்டும் முடிவு பண்ண முடியாது, அவருக்கு மேல உள்ளவங்க ஒப்புக்கணும், காரணத்தையும் பிள்ளைக்கு தெரிவிக்கணும். "சார், ரிஜெக்ட் பண்றீங்கன்னா காரணத்த எழுதிக் கொடுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. கோவப்பட வேண்டாம், சத்தம் போட வேண்டாம், அந்த ஒரு வரிய மட்டும் விடாம கேளுங்க. அதுக்கப்புறம் பேச்சு மாறுறத நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், "நாளைக்கு டாகுமெண்ட் எல்லாம் கொண்டு வாங்க"ன்னு முடியும்.

அப்பவும் நகரலன்னா மாவட்டத்துல எல்லா பேங்க்கையும் ஒருங்கிணைக்க லீட் பேங்க் மேனேஜர்னு ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு அப்ளிகேஷன் நம்பரோட மனு கொடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் கொடுக்கலாம். கலெக்டர் தலைமைல கல்விக்கடன் முகாம் போடும்போது எல்லா பேங்க்கும் ஒரே மண்டபத்துல உக்காந்திருப்பாங்க, அத விடாதீங்க. பேங்க்குக்கு எழுத்துல புகார் கொடுத்து 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) ஆன்லைன்ல புகார் போடலாம், செலவு இல்ல, 14448-க்கு போன் பண்ணா விவரம் சொல்லுவாங்க.

அப்பாவோட சிபில் மோசம். அவ்ளோ தானா?

சிபில்னா வாங்கின கடன ஒழுங்கா கட்டினாங்களான்னு காட்டுற கணக்கு. அப்பாவோடது மோசம்னா அம்மாவ கோ-பாரோயரா, அதாவது கூட சேந்து கடன் வாங்குறவங்களா போடுங்க. தாத்தா, மாமான்னு கார்டியனா இருக்குறவங்கள போட முடியுமான்னும் கேளுங்க. அதுக்கு முன்னாடி அப்பாவோட சிபில் ரிப்போர்ட்ட எடுத்து என்ன கிடக்குன்னு பாருங்க, சில நேரம் எப்பவோ வாங்கின டிவி லோன்ல 800 ரூபா பாக்கி நின்னுட்டு இருக்கும், கட்டிட்டு பாக்கி இல்லன்னு நோ டியூ சர்டிபிகேட் வாங்கினா சரியாகிடும்.

எந்த போர்டல்ல அப்ளை பண்றது? வித்யாலட்சுமி ரெண்டு இருக்கே?

பழசு 2015-ல வந்த வித்யாலட்சுமி, ஒரே பார்ம்ல மூணு பேங்க்குக்கு போடலாம். புதுசு பிஎம் வித்யாலட்சுமி, 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, இது எல்லா காலேஜுக்கும் கிடையாது, மத்திய அரசு போடுற என்ஐஆர்எப் ரேங்க்ல முன்னாடி இருக்குற காலேஜ்கள், மத்திய அரசு கல்வி நிறுவனங்கள்னு 860 நிறுவனங்களோட ஆரம்பிச்ச லிஸ்ட். உங்க காலேஜ் லிஸ்ட்ல இருந்தா அடமானம், ஜாமீன் எதுவும் இல்லாம லோன், வருமானம் எட்டு லட்சத்துக்குள்ளன்னா பத்து லட்சம் வரை லோனுக்கு படிக்கிற காலத்துல 3 சதவீத வட்டி மானியம். அந்த 3 சதவீதம் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு தான், வேற அரசு ஸ்காலர்ஷிப் வாங்குறவங்களுக்கு கிடையாது.

வட்டியே கட்ட வேண்டாம்னு சொல்றாங்களே, அது என்ன?

சிஎஸ்ஐஎஸ்னு ஒரு மத்திய அரசு வட்டி மானியத் திட்டம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள, தொழிற்படிப்பு இல்லன்னா டெக்னிக்கல் படிப்பு, காலேஜ் நாக்ங்கிற தரச் சான்று வாங்கியிருக்கணும் இல்லன்னா அந்த கோர்ஸ் என்பிஏங்கிற தரச் சான்று வாங்கியிருக்கணும். அப்படின்னா படிக்கிற காலமும் முடிச்சு ஒரு வருஷமும் வர்ற வட்டி முழுசையும் மத்திய அரசு கட்டும். பிஏ, பிஎஸ்சிக்கு இது வராது. கவுன்சிலிங்ல சாய்ஸ் பில்லிங் பண்றப்பவே நாக், என்பிஏ இருக்கான்னு பாருங்க. வட்டி மானியம் ஒரு லட்சத்துக்கு மேல போகும், காலேஜ் பஸ் ஏசியா இல்லையான்னு பாக்குறதுக்கு முன்னாடி இதப் பாக்கலாம்.

பேங்க்ல தானா பண்ணிடுவாங்கன்னு இருக்காதீங்க. தாசில்தார் கொடுத்த வருமான சான்ற லோன் சாங்ஷன் ஆகும்போதே கொடுத்து, "சிஎஸ்ஐஎஸ்-ல சேத்தீங்களா, கிளைம் போட்டீங்களா"ன்னு கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை லோன் ஸ்டேட்மெண்ட் வாங்கி மானியம் வரவு வந்திருக்கான்னு பாருங்க. பையன் முடிச்சு அஞ்சு வருஷம் கழிச்சு கேட்டா அந்த பிராஞ்ச்ல அப்ப இருந்தவங்க யாருமே இருக்க மாட்டாங்க.

நாலு லட்சம் வாங்கினா கடைசியில எவ்வளவு கட்டுவோம்?

வருஷம் ஒரு லட்சம் வீதம் நாலு வருஷம், வட்டி 9.5 சதவீதம்னு வச்சுக்கோங்க. படிக்கிறப்பயும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தனி வட்டி தான். முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 47,500, ரெண்டாவதுக்கு 38,000, அடுத்து 28,500, கடைசிக்கு 19,000. மொத்தம் 1,33,000. கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 5,33,000. பத்து வருஷத்துல அடைச்சா மாசம் கிட்டத்தட்ட 6,900, பதினஞ்சு வருஷம்னா 5,570. மாசம் 1,300 கம்மின்னு பதினஞ்ச எடுத்தா மொத்தத்துல 1,70,000-க்கு மேல கூடுதலா கட்டுவீங்க. வட்டி மானியம் கிடைச்சா கடன் நாலு லட்சமாவே நிக்கும், பத்து வருஷத்துக்கு மாசம் 5,180 போல வரும்.

மானியம் இல்லாதவங்க முடிஞ்சா படிக்கும்போதே மாசா மாசம் வட்டிய மட்டும் கட்டிட்டு வாங்க, முதல் வருஷம் 800 ரூபாய்க்குள்ள தான் வரும், நாலாவது வருஷம் 3,200 போல. இப்படி கட்டுறவங்களுக்கு வட்டில 1 சதவீதம் குறைக்கவும் மாடல் திட்டத்துல இடம் இருக்கு, சாங்ஷன் லெட்டர்ல இருக்கான்னு பாத்து வாங்குங்க.

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு லோன் கிடைக்குமா?

கிடைக்கலாம், பேங்க் விருப்பம், மார்க் நல்லா இருக்கணும். டொனேஷனுக்கு எந்த பேங்க்கும் தராது. முதல் பட்டதாரி, 7.5, பிஎம் வித்யாலட்சுமி எதுவும் வராது. கவுன்சிலிங்ல ரெண்டாவது சாய்ஸ் காலேஜ் கிடைச்சாலும் அத எடுங்கன்னு தான் என் கருத்து.

பைனான்ஸ் கம்பெனில ரெண்டே நாள்ல தர்றாங்களாமே?

தருவாங்க. வட்டி கூட, படிக்கிற காலத்துலயே மாசாமாசம் கட்டச் சொல்றதும் உண்டு, மத்திய அரசு வட்டி மானியம் அங்க கிடையாது. காலேஜ் வளாகத்துலயே டேபிள் போட்டு உக்காந்திருக்காங்கன்னு கையெழுத்து போட்டுடாதீங்க. அவசரமா பீஸ் கட்டணும்னா காலேஜ்ல தவணை கேளுங்க, நகைய வச்சாவது முதல் செமஸ்டர் கட்டிட்டு பேங்க் லோனுக்கு காத்திருங்க. கட்டின ரசீத பத்திரமா வச்சிருந்தா லோன் வந்ததும் அந்தத் தொகையையும் திருப்பித் தர்ற பேங்க் நெறைய இருக்கு, அப்ளை பண்றப்பவே கேட்டுக்கோங்க.

படிச்சு முடிச்சிட்டான், வேலை கிடைக்கல. பேங்க்ல இருந்து போன் வந்துட்டே இருக்கு.

போன எடுங்க. எடுக்காம இருக்குறது தான் எல்லாத்தையும் கெடுக்குது. பிராஞ்சுக்கு நேர்ல போய் வேலை இல்லன்னு எழுதிக் கொடுங்க, வேலை இல்லாத காலத்துக்கு சில மாசம் தள்ளி வைக்கவும், ஆரம்பத்துல கம்மியா கட்டி போகப் போக கூட்டிக்கவும் திட்டத்துலயே வழி இருக்கு. மூணு மாசம் சும்மா விட்டா வாராக்கடன்னு ஆகிடும், பிள்ளை சிபிலும் அப்பா சிபிலும் சேந்து போகும். வசூல் ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக்கூடாது, மீறினா பேங்க்குக்கு எழுத்துல புகார் கொடுங்க.

தள்ளுபடி வரும்னு யாராச்சும் சொல்றத நம்பி கட்டாம விடாதீங்க. தேர்தல் நேரத்துல பேச்சு வரும், உங்க வட்டி அதுக்காக நிக்காது.

வருமான வரில ஏதும் கழியுமா?

1961 வருமான வரிச் சட்டத்துல இது பிரிவு 80இ. கட்டுற வட்டி முழுசுக்கும் கழிவு, உச்சவரம்பு இல்ல, எட்டு வருஷம் வரைக்கும். பழைய வரி முறையில மட்டும்.

கடன் அடைச்சாச்சு, அப்புறம்?

நோ டியூ சர்டிபிகேட் வாங்குங்க, அடமானம் வச்சிருந்தா பத்திரத்த திருப்பி வாங்குங்க, ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட் எடுத்து அந்த லோன் குளோஸ்டுன்னு வந்திருக்கான்னு பாருங்க. வரலன்னா நோ டியூ காப்பிய வச்சு பிராஞ்ச்லயும் சிபில்லயும் திருத்தம் கேளுங்க, இல்லன்னா அடுத்து வீட்டுக்கடனோ தங்கச்சியோட கல்விக்கடனோ கேக்கப் போறப்ப அடைச்ச கடனே குறுக்க வந்து நிக்கும்.